பேருந்தில் அத்துமீறல் வழக்கில் தண்டனை: முழு அப்பீலா, பிரிவை மாற்றக் கேட்பதா, நன்னடத்தை விடுதலையா, சீராய்வா?

தீர்ப்பு சொன்ன நாளில் நீதிமன்ற வராந்தாவில் குடும்பத்தார் வக்கீலிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்பீல் போட்டா தண்டனையக் கொறைச்சுடுவாங்களா?" ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகத் தண்டனை பெற்ற வழக்குகளில் இதற்குப் பெரும்பாலும் பதில், இல்லை. இதற்குரிய பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 74. இரண்டிலும் குறைந்தபட்ச தண்டனை ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு, அபராதமும் உண்டு. 2013 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் இந்தக் குறைந்தபட்சம் கிடையாது. நடுவர் (மாஜிஸ்திரேட்) ஓராண்டுதான் விதித்திருக்கிறார் என்றால், அதே பிரிவை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே இறங்கப் படி இல்லை. "வயசைப் பார்த்து ஆறு மாசமாக்குங்க" என்று கேட்கும் அப்பீல் மனு, சட்டம் தர முடியாததைக் கேட்கிறது.

எனவே தேர்வு வேறு இடத்தில் இருக்கிறது. தீர்ப்பே தவறு என்று முழுக்க எதிர்ப்பதா, குற்றத்தின் பிரிவை மாற்றக் கேட்பதா, சிறைக்குப் பதில் நன்னடத்தைப் பிணையில் விடக் கேட்பதா என்பதே கேள்வி. நான்காவதான சீராய்வு (ரிவிஷன்), அதாவது உயர் நீதிமன்றத்தில் சட்டப் பிழையை மட்டும் பார்ப்பது, அப்பீலுக்குப் பிறகே வரும். எதிர்ப்பக்கம் நிற்கும் பெண்ணுக்கும் தேர்வுகள் உண்டு. அவற்றைப் பற்றி அவரிடம் யாரும் சொல்வதில்லை என்பதால் அதையும் இங்கேயே சேர்த்திருக்கிறோம்.

எந்த நீதிமன்றம், எந்தத் தேதி

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். முதல் பக்கத்தில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும். நீலகிரி மாவட்டத்தில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், உதகை என எந்த நடுவர் நீதிமன்றம் தண்டித்திருந்தாலும் அப்பீல் உதகை காக்காத்தோப்பு வளாகத்தில் உள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு, அதாவது செஷன்ஸுக்குப் போகும். கெடு 30 நாள். தண்டித்தது அமர்வு நிலையில் உள்ள மகிளா (பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கான) நீதிமன்றமோ, போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) சிறப்பு நீதிமன்றமோ என்றால் அப்பீல் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, கெடு 60 நாள். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாத பள்ளி மாணவி என்றால் வழக்கு பெரும்பாலும் போக்சோவில்தான் இருக்கும். அங்கே பிரிவு 8இன்படி குறைந்தபட்சமே மூன்றாண்டு. உடைக்கு மேல் தொட்டது குற்றமாகாது என்ற வாதத்தை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முழுமையாக மூடிவிட்டது. அதை அப்பீல் காரணமாக எழுதி ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டாம்.

பேருந்து மாவட்ட எல்லையைத் தாண்டியிருந்தால் குழப்பம் வரும். குன்னூரில் ஏறி, மலைப்பாதையில் சம்பவம் நடந்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் புகார் கொடுத்தால் அது கோவை மாவட்டக் காவல் நிலையம். பயணத்தின் நடுவே நடந்த குற்றத்தை அந்தப் பயணம் கடந்து சென்ற எந்த எல்லையிலுள்ள நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்கிறது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 203. அதுதான் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்; இனி அடைப்புக்குறிக்குள் வேறு சட்டம் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் அதனுடையவை. மேட்டுப்பாளையம் நடுவர் விசாரித்திருந்தால் அப்பீல் கோவை செஷன்ஸுக்குத்தான். குற்றவாளிக்கு வீடு கோத்தகிரி என்பதால் உதகைக்கு மாறாது. "தவறான ஊர் நீதிமன்றம் விசாரித்தது" என்பது மட்டும் தீர்ப்பை ரத்து செய்யவும் போதாது. அதனால் நீதி கெட்டது என்று காட்ட வேண்டும் (பிரிவு 508).

குற்றம் நடந்த தேதியும் முக்கியம். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டம், அதற்குப் பின் என்றால் புதியது. தண்டனையைக் கூட்டும் மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. கூட்டப்பட்ட தண்டனை முந்தைய குற்றத்துக்குப் பொருந்தாது என்பது அரசமைப்பின் 20(1). தீர்ப்பில் எந்தச் சட்டத்தின் எந்த வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கு அப்பீல் கதவு பாதிதான் திறந்திருக்கும். தண்டனையின் அளவையும் அது சட்டப்படியானதா என்பதையும் மட்டுமே கேட்கலாம். "ஒத்துக்கிட்டா ஃபைனோட விட்டுடுவாங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 74இல் அபராதத்தோடு விட வழியே இல்லை.

முதல் 30 நாளில் சறுக்கும் இடம்

முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. ஜாமீனில் இருந்தவருக்கு விதித்த தண்டனை மூன்றாண்டைத் தாண்டவில்லை என்றால், அப்பீல் போடுவதற்காகத் தண்டனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அதிகாரம் தண்டித்த நீதிமன்றத்துக்கே உண்டு (பிரிவு 430, பழைய 389). அதனால் முதல் வகுப்பு நடுவர் விதித்த தண்டனை என்றால் பெரும்பாலும் அன்றே மனு போட்டு வீட்டுக்குப் போகலாம். ஜாமீன்தாரர்கள் அன்று நீதிமன்றத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போக்சோவில் மூன்றாண்டுக்கு மேல் ஒரு நாள் கூடினாலும் இந்த வசதி இல்லை. உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை உள்ளே இருக்க வேண்டியதுதான்.

நடுவர் கொடுக்கும் நிறுத்திவைப்பு ஒரு குறிப்பிட்ட நாள் வரைதான் செல்லும். பெரும்பாலும் 30 நாள். அப்பீலை 28ஆம் நாள் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மனு எண்ணிடப்பட்டு, குறை இருந்தால் திருப்பப்பட்டு, திருத்திக் கொடுத்து, செஷன்ஸ் தண்டனையை நிறுத்திவைத்து உத்தரவிடுவதற்குள் பழைய நிறுத்திவைப்பு காலாவதியாகிவிடும். பிறகு பிடிவாரண்டு வரும். அப்பீல் கெடுவும் நிறுத்திவைப்புக் கெடுவும் வேறு வேறு. இரண்டாவது வாரத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

சிறைத் தண்டனை விதித்ததும் தீர்ப்பு நகலை இலவசமாக உடனே தர வேண்டும் (பிரிவு 404). சாட்சியங்கள், சான்றாவணங்களின் நகலுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். நகல் தயாராக எடுத்த நாட்கள் கெடுவில் கழியும் என்பது உண்மைதான். ஆனாலும் 30 நாள் என்றே கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நகல் தயாரான பிறகு நாம் போய் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் தாமதமானால் தாமத மன்னிப்பு மனு போடலாம். அப்போது பத்திரிகைச் செய்தி போதாது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை பாதை மூடியிருந்தது, உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும்.

மலையில் ஜாமீன்தாரர் கிடைப்பது தனிச் சிரமம். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்குப் பட்டா இல்லை, வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில் இருக்காது. உறவினரும் அதே லைனில்தான் இருப்பார்கள். பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று பிரிவு 484 சொல்கிறது. சம்பளச் சான்று உள்ளவரை ஏற்கச் சொல்லி அதே நாளில் மனு போடலாம். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசியில் 15100.

முழு அப்பீல்: சாட்சியத்தை மறுபடி படிக்க வைப்பது

செஷன்ஸ் நீதிபதி சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோடலாம். இந்த அதிகாரம் அடுத்த படியில் கிடைக்காது. அதனால்தான் நான்கு வழிகளில் இதையே முதன்மையாகக் கருத வேண்டும் என்கிறோம், பதிவில் ஏதாவது இருந்தால். குற்றவாளி தானே போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது என்பதும் இதன் பலம் (பிரிவு 427). குற்றவாளியின் அப்பீலை வைத்துக்கொண்டு அவர் நிலையை இன்னும் மோசமாக்கிய ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்ற பயம் வேண்டாம். அரசோ பாதிக்கப்பட்டவரோ தனியாக அப்பீலோ சீராய்வோ போட்டால் மட்டுமே அந்த ஆபத்து.

பதிவில் என்ன தேட வேண்டும்? பெண்ணின் ஒற்றைச் சாட்சியமே போதும் என்பது நிலைபெற்ற சட்டம். "வேறு சாட்சி இல்லை" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது சொற்கள். அவர் சொன்னது நான்கு இடங்களில் பதிவாகியிருக்கும்: புகார், காவல் நிலைய வாக்குமூலம், நடுவர் முன் கொடுத்த வாக்குமூலம் (பிரிவு 183), நீதிமன்றச் சாட்சியம். புகாரில் "உரசினார்", நடுவர் முன் "கை வைத்தார்", நீதிமன்றத்தில் "பிடித்து அழுத்தினார்" என்று இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். உரசலுக்கும் பிடித்ததற்கும் உள்ள தூரம்தான் 74இல் உள்நோக்கம் என்ற கேள்வி. ஆனால் இதில் அவசரப்படக் கூடாது. கோத்தகிரிப் பக்கம் படுக மொழியிலும், பந்தலூரில் மலையாளத்திலும் சொன்னதை எழுத்தர் தமிழில் எழுதியிருப்பார். மொழி மாறியதால் வந்த வேறுபாட்டை "மாற்றிச் சொன்னார்" என்று காட்டினால் செஷன்ஸில் எடுபடாது. அந்த முரண்பாட்டைக் குறுக்கு விசாரணையில் அவரிடம் காட்டி, எழுதிய அதிகாரியிடமும் கேட்டு நிரூபித்திருக்க வேண்டும். விசாரணையில் கேட்காததை அப்பீலில் முதன்முறையாகச் சொல்ல முடியாது.

"வளைவில் வண்டி திரும்பினப்ப கை பட்டுருச்சு" என்பது மலைப்பாதை வழக்குகள் எல்லாவற்றிலும் வரும் வாதம். மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. வாதத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆனால் வளைவு உடலை எந்தப் பக்கம் தள்ளும் என்பதற்குக் கணக்கு உண்டு. வண்டி இடப்பக்கம் திரும்பினால் நிற்பவர் வலப்பக்கம் சாய்வார். அவர் நடைபாதையில் எங்கே நின்றார், பெண் எந்தப் பக்க இருக்கை, மேல் கம்பியை எந்தக் கை பிடித்திருந்தது என்பதெல்லாம் பதிவில் இருந்தால் வாதம் நிற்கும். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் கை இருக்கை இடுக்கு வழியாக முன்னால் வந்தது என்று சாட்சியம் இருந்தால் எந்த வளைவும் அதை விளக்காது. பெண் ஒருமுறை விலகி உட்கார்ந்த பிறகும் மறுபடி நடந்தது, அல்லது சத்தம் போட்டதும் அவர் இறங்கப் பார்த்தார் என்று இருந்தால் "தற்செயல்" அங்கேயே முடிந்தது. அந்த அப்பீலில் வேறு காரணம் தேடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். நடத்துநரின் பயணச்சீட்டுக் கணக்குத் தாளான வே-பில்லில் எந்த நடை, எந்த நிலையில் எந்தச் சீட்டு எண் வரை போனது என்று இருக்கும். பயணச்சீட்டிலும் நேரம் அச்சாகும். மகளிர் கட்டணமில்லாச் சீட்டானாலும் அது ஒரு பதிவு. புகாரில் சொன்ன நேரமும் வே-பில் நேரமும் ஒட்டவில்லை என்றால், குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நடையில் இருந்தாரா என்பதே கேள்வியாகும். விசாரணையில் வே-பில்லை வரவழைக்காமல் விட்டிருந்தால் கூடுதல் சாட்சியத்துக்கு மனு போடலாம் (பிரிவு 432). முன்பே ஏன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வே-பில் உங்களுக்கு எதிராகவும் முடியலாம் என்பதை அறிந்தே கேளுங்கள்.

புகார் தாமதம் பெரிய காரணம் ஆகாது. மலைப்பாதை நடுவில் வண்டியை நிறுத்தக்கூட இடம் இருக்காது, கீழே இறங்கி வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்ற விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. கண்காணிப்புக் கேமரா பதிவுக்குச் சான்றிதழ் இல்லை என்ற எதிர்ப்பை விசாரணையின்போது சொல்லாமல் அப்பீலில் சொன்னால் காலம் கடந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. நடத்துநர் பிறழ்சாட்சி ஆனதாலும் வழக்கு உடைந்துவிடாது. அவர் சொன்னதில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். அடையாளம் மட்டும் உண்மையிலேயே வலுவான காரணம்: கூட்டத்தில் யார் கை என்று பெண் பார்த்தாரா, பயணிகள் காட்டிக் கொடுத்தவரைத்தான் அடையாளம் சொன்னாரா?

அப்பீலை நடத்தாமல் விட்டால் தானாகத் தள்ளுபடி ஆகாது. வக்கீல் வரவில்லை என்றாலும் தகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வக்கீல் இல்லாத தகுதி பரிசீலனை எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பிரிவை மாற்றக் கேட்பது

பெரும்பாலான அப்பீல் மனுக்களில் காணாமல் போகும் வழி இது. 74க்குக் கீழே 75 இருக்கிறது, பாலியல் துன்புறுத்தல். அதில் மூன்றாண்டு வரை கடுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும். குறைந்தபட்சம் இல்லை. தவறான சொல் மட்டும் என்றால் ஓராண்டு வரை. உடல்பலம் பயன்படுத்தியதும் மானத்துக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கமோ அறிவோ இருந்ததும் நிரூபணமாகவில்லை, விரும்பத்தகாத நடத்தை மட்டும் நிரூபணமாகிறது என்றால் அப்பீல் நீதிமன்றம் பிரிவை மாற்றலாம். அப்போதுதான் தண்டனை ஓராண்டுக்குக் கீழே இறங்கும். மனுவில் விடுதலைக் கோரிக்கைக்கு அடுத்து "மாற்றாக" என்று இதைத் தெளிவாக எழுத வேண்டும். வாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் விட்டதுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தொட்டதும் பிடித்ததும் சாட்சியத்தில் தெளிவாக இருக்கும் வழக்கில் 75 கேட்பது அந்தப் பெண்ணுக்கு நடந்ததைச் சிறிதாக்கும் வாதம். நீதிபதியும் அதை அப்படித்தான் பார்ப்பார். உண்மையிலேயே பிரிவு பொருந்தாத வழக்குகளுக்கே இது.

இதோடு இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் 1998, பிரிவு 4இன் கீழும் தனியாகத் தண்டித்திருப்பார்கள். பழைய வடிவில் மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்களில் இரண்டு தண்டனை கூடாது என்பது நல்ல காரணம். உதாரணமாக, 74இல் ஓராண்டு, பிரிவு 4இல் ஓராண்டு, அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பு இருந்தால், ஒன்றை நீக்கவோ இரண்டையும் ஏக காலத்தில் அனுபவிக்கவோ கேட்டால் இரண்டாண்டு ஓராண்டாகும். விசாரணைக் காலத்தில் 14 நாள் உள்ளே இருந்திருந்தால் அந்த 14 நாளும் கழிய வேண்டும் (பிரிவு 468). கடைசிப் பக்கத்தில் இந்தக் கழிவு எழுதப்படாமலே பல தீர்ப்புகள் வருகின்றன.

நன்னடத்தை விடுதலை

1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விடலாம். அப்பீல் நீதிமன்றமும் இதைச் செய்யலாம். தீர்ப்பு நாளில் 21 வயது நிரம்பாதவர் என்றால், சிறைக்கு அனுப்புவதற்குக் காரணம் எழுத வேண்டியது நீதிமன்றத்தின் கடமை (நன்னடத்தைச் சட்டம் பிரிவு 6). நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைக்காமலே நடுவர் மறுத்திருந்தால் அது குறை.

ஆனால் இதில் சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. குறைந்தபட்ச தண்டனை இருப்பதாலேயே நன்னடத்தை கிடைக்காது என்றாகாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் வேறொரு பிரிவைப் பற்றிச் சொன்னது. 354 வழக்கிலேயே 2013இல் அதே நீதிமன்றம் நன்னடத்தையை மறுத்தது. பஞ்சாப் காவல்துறைத் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் மீது ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் தொடுத்த வழக்கில் தண்டனை உறுதியாகி, சிறைக்குப் பதில் நன்னடத்தை என்று 2005இல் முடிந்தது. அது குறைந்தபட்ச தண்டனை வருவதற்கு முந்தைய காலத்துக் குற்றம். ஆகவே நன்னடத்தையைக் கடைசி மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். அதை மட்டும் நம்பி அப்பீல் போட்டால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகவே வாதம் ஓடும். பெண்ணுக்கு இழப்பீடு தர முன்வருவதைச் சேர்த்தால் கனம் கூடும், நீதிமன்றம் வழியாக மட்டும்.

குற்றம் நடந்த நாளில் 18 வயது நிரம்பாதவர் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. சிறார் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

சீராய்வு

அப்பீலைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றத்துக்கு ரிவிஷன் போட முடியாது. அப்பீல் உள்ள இடத்தில் அதைப் போடாதவருக்குச் சீராய்வு கிடையாது (442). செஷன்ஸ் தண்டனையை உறுதி செய்த பிறகு 90 நாளில் சீராய்வு. நீலகிரிக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை இருக்கை. கொடைக்கானல் வழக்கு திண்டுக்கல் செஷன்ஸ் வழியாக மதுரைக் கிளைக்குப் போகும். பழனி மலைக்காரருக்கு மூன்று நான்கு மணி நேரப் பயணம், உதகைக்காரருக்கு ஓர் இரவு. மின்தாக்கல் வந்த பிறகு இந்த வேறுபாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சீராய்வில் சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். இரண்டு நீதிமன்றமும் ஒன்றுபோல முடிவு செய்தபின் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே இடம். செஷன்ஸில் அரைகுறையாக வாதாடிவிட்டு "ஹைகோர்ட்டில் பாத்துக்கலாம்" என்று நினைப்பதுதான் இந்த வழக்குகளில் நடக்கும் பெரிய தவறு.

சமரசம் என்ற பாதை

74 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் சமரசத்தையோ மன்னிப்பையோ நீதிமன்றங்கள் நிபந்தனையாகவோ ஆலோசனையாகவோ சொல்லக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 நவம்பரில் போக்சோ வழக்கு ஒன்றில் குடும்பத்தார் சமரசத்தை வைத்து வழக்கை முடித்ததையும் ரத்து செய்தது. ஊர்ப் பெரியவரையோ எஸ்டேட் மேஸ்திரியையோ பெண் வீட்டுக்கு அனுப்பினால் தண்டனை நிறுத்திவைப்பு ரத்தாகவும் புது வழக்குக்கும் வழி வைக்கும். அதைவிட, ஏற்கெனவே ஒருமுறை எல்லார் முன்னும் நின்று சாட்சி சொன்னவரை மறுபடி வீட்டு வாசலில் நிறுத்துவது தவறு.

வேலையும் பாஸ்போர்ட்டும்

தண்டனை நிறுத்திவைப்பு வேறு, குற்றத்தீர்ப்பு நிறுத்திவைப்பு வேறு. முதலாவது கிடைத்தாலும் நீங்கள் தண்டிக்கப்பட்டவரே. அரசு ஊழியர், போக்குவரத்துக் கழக ஓட்டுநர், ஆசிரியர் என்றால் துறை நடவடிக்கை தொடரும். குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைக்கத் தனிக் காரணத்தோடு தனி மனு வேண்டும், அரிதாகவே கிடைக்கும். அப்பீலில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பாது. தென்காசியில் பெண்ணிடம் தவறாக நடந்ததாக வழக்கில் விடுதலையான காவலர் ஒருவரின் பணிநீக்கத்தை 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சந்தேகத்தின் பலன் வேறு, கண்ணியமான விடுதலை வேறு என்று அதில் பிரித்தது. அதே தீர்ப்புதான், பேருந்தில் புகார் வந்தால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச்செல்ல ஓட்டுநர் நடத்துநருக்குக் கட்டளையிட்டது.

ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவருக்கு ஐந்தாண்டுக்குப் பாஸ்போர்ட் மறுக்கலாம். வளைகுடா வேலை நம்பியிருப்பவருக்கு இரண்டாண்டுத் தண்டனை 18 மாதமாவதில் பொருள் உண்டு.

புகார் கொடுத்த பெண்ணுக்கு

விடுதலை செய்துவிட்டார்கள், குறைந்த குற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள், இழப்பீடு போதாது: இந்த மூன்றுக்கும் பாதிக்கப்பட்டவருக்கே நேரடி அப்பீல் உரிமை உண்டு (413, பழைய 372). தண்டனை குறைவு என்பதற்கு மட்டும் இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதற்கு அரசு அப்பீல் போட வேண்டும் (418). நீங்கள் செய்யக்கூடியது, தீர்ப்பு வந்த வாரத்திலேயே அரசு வழக்கறிஞருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் கோரிக்கை கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது. வாய்மொழியாகச் சொன்னால் அது எங்கும் பதிவாகாது.

குற்றவாளி அப்பீல் போட்டதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். மாதம் ஒருமுறை இணைய நீதிமன்றத் தளத்தில் வழக்கு எண்ணையோ அவர் பெயரையோ கொடுத்துப் பாருங்கள். தெரிந்ததும் அரசு வழக்கறிஞருக்கு உதவ உங்கள் தரப்பில் வக்கீல் அமர்த்த மனு போடலாம். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். குன்னூர், கூடலூர் போன்ற வட்டச் சட்டப் பணிகள் குழுவிலேயே விண்ணப்பிக்கலாம். இழப்பீடு அபராதத்திலிருந்து தரச் சொல்லியிருந்தால் அப்பீல் முடியும் வரை அந்தப் பணம் கைக்கு வராது. அது உங்கள் உரிமை போய்விட்டதாக ஆகாது. அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துக்கு (396) அந்த அப்பீலுக்குக் காத்திராமல் மாவட்ட ஆணைக்குழுவில் தனியாக மனு கொடுக்கலாம். புகார் நகல், நடுவர் நீதிமன்றத் தீர்ப்பு நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல் ஆகியவற்றை இரண்டு செட்டாக எடுத்துச் செல்லுங்கள். ஒரு செட்டில் ஒப்புகை முத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.